ஆப்பிரிக்காவுக்குப் பதினான்கு பேர்

அன்பும் மரியாதையும் நிறைந்த பெரியப்பா நாகரத்தினம் அவர்களுக்கு,

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து உங்கள் தம்பி மகள் புனிதா பணிவோடு எழுதுவது. இங்கே நானும், உங்கள் மாப்பிள்ளை யோகேந்திரனும், பேத்தி யுவனேஸ்வரியும் சளியைத் தவிர மற்றபடி சுகம். ஈப்போ வெயிலில் உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? பெரியம்மாவுக்குச் சர்க்கரை இறங்கியதா, அல்லது இன்னும் பிஸ்கட் டின்னை அலமாரியின் பின்னால்தான் வைத்துக்கொள்கிறார்களா? இதையெல்லாம் போனில் கேட்டிருக்கலாமே என்று நினைப்பீர்கள். நான் போனை எடுத்தால் பக்கத்தில் எப்போதும் நாலு பேர் நிற்கிறார்கள், பெரியப்பா. அந்த நாலு பேரைப் பற்றித்தான் இந்தக் கடிதமே. அதோடு, எந்த மனுவாக இருந்தாலும் எழுத்தில் கொடு என்று சொல்லியே முப்பது வருஷம் இந்தத் தோட்டத்து ஆபீசில் கிராணியாகக் கணக்கெழுதியவர் நீங்கள். ஆகவே எழுத்தில் கொடுக்கிறேன். ஆறு வாரத்துக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும். அப்போது ஆறு பேராக இருந்தார்கள். இன்றைக்குப் பதினான்கு பேர். தாமதத்துக்கு மன்னிக்கவும்.

விஷயத்துக்கு வருகிறேன். கோலா தெர்லாவில் இவர் தக்காளி போடுகிறார் அல்லவா, அதற்கு விதை கொடுக்கும் கம்பெனி வருஷா வருஷம் ஒரு விருந்து வைத்துக் குலுக்கல் நடத்தும். இதுவரை எங்களுக்கு இரண்டு முறை குடையும் ஒரு முறை சுவர்க்கடிகாரமும் விழுந்திருக்கின்றன. இந்த முறை முதல் பரிசு விழுந்துவிட்டது. கென்யாவுக்கு ஏழு நாள் பயணம். நாலு நாள் காட்டில் ஜீப்பில் போய் மிருகங்களைப் பார்ப்பது, மூன்று நாள் மொம்பாசா பக்கம் கடற்கரையில் சும்மா இருப்பது. கணவன், மனைவி, ஒரு குழந்தை. மூன்றே மூன்று பேர். அந்தத் தாளில் 'மூன்று பேர்' என்று அச்சடித்திருந்ததைப் பார்த்ததும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. சிங்கத்துக்காக அல்ல, பெரியப்பா. உங்களுக்கு நினைவிருக்கும், நானும் இவரும் தேனிலவுக்குப் பங்கோர் தீவுக்குப் போனபோது பதினோரு பேர் போனோம். ஆண்களுக்கு ஓர் அறை, பெண்களுக்கு ஓர் அறை. நான் என் நாத்தனார் பக்கத்தில் படுத்துக்கொண்டு, சுவருக்கு அந்தப் பக்கம் இவர் விடும் குறட்டையைக் கேட்டேன். கல்யாணமாகி ஏழு வருஷத்தில் நாங்கள் மட்டும் தனியாகப் போன ஒரே இடம் பிரசவ ஆஸ்பத்திரி. அதற்கும் பின்னாலேயே வேன் வந்தது.

பரிசு விழுந்த மறுநாள் காலையில் இவருடைய தாய்மாமா செல்லையா வந்து உட்கார்ந்தார். கோயில் தலைவர், காய்கறி லாரிக்காரர், வாழ்க்கையில் ஒரு காரியத்தையும் தனியாகச் செய்து பார்க்காத மனிதர். "மூணு பேரா போறீங்க? என்னம்மா பேசுறே? ஆப்பிரிக்காலா! கம்போங் ராஜா டவுனுக்கு முடி வெட்டப் போனாலே நான் ரெண்டு பேரைக் கூட்டிட்டுப் போறேன்" என்றார். நான் இவரைப் பார்த்தேன். இவர் தேத்தண்ணீரைப் பார்த்தார். "வாங்களேன் மாமா" என்று இவர் வாயிலிருந்து வந்துவிட்டது. அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் போனில் 'ஆப்பிரிக்கா யாத்திரைக் குழு' என்று ஒரு குரூப் திறந்தாகிவிட்டது. மாமா தலைவர். நாத்தனார் விக்னேஸ்வரி அண்ணி செயலாளர். எனக்கும் ஒரு பதவி கொடுத்தார்கள். சாப்பாட்டுப் பிரிவுத் துணை உதவியாளர். பரிசு விழுந்த குடும்பத்துக்கு இதுதான் மரியாதை. அவரவர் டிக்கெட்டை அவரவர் எடுத்துக்கொள்கிறார்கள், யாரையும் குறை சொல்வதற்கில்லை. அதுதான் இதில் பெரிய கஷ்டம்.

முதல் கூட்டம் வெள்ளிக்கிழமைப் பூஜை முடிந்து கோயில் மண்டபத்தில் நடந்தது. அண்ணி மினிட் புத்தகத்தில் கூட்டக் குறிப்பு எழுதினார். தானா ராத்தாவில் டிக்கெட் ஏற்பாடு செய்யும் தினேஸ்வரன் என்ற பையனைப் போனில் பிடித்து, ஸ்பீக்கரைத் திறந்து, நடுவில் வைத்தார்கள். முதல் கேள்வியே மாமாவுடையது. ஜீப்பு கிளம்பும்போது நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைக்கணும், டிரைவர்கிட்ட முன்கூட்டியே சொல்லி வை என்றார். "அங்கிள், அது நம்ம ஜீப்பு இல்லியே" என்றான் அந்தப் பையன். "யாரு ஜீப்பா இருந்தா என்ன தம்பி, உட்காரப்போறது நம்மதானே?" அடுத்து, அரை மணிக்கு ஒரு தடவை வண்டியை நிறுத்த வேண்டும், நம்ம ஆட்களில் பாதிப் பேருக்குச் சர்க்கரை என்று ஒரு தீர்மானம். நிப்பாட்டலாம் அங்கிள், ஆனா யாரும் கீழே இறங்கக்கூடாது என்றான் தினேஸ்வரன். "இறங்காம எதுக்குய்யா நிப்பாட்டுறது?" "சிங்கத்தைப் பார்க்க அங்கிள்." உடனே அண்ணி மினிட் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே, "அதைப் பார்த்தா எல்லாருக்கும் உட்கார்ந்த இடத்துலயே முடிஞ்சிரும், எழுதிக்கவா?" என்று கேட்டார். எழுதியும் இருக்கிறார், பெரியப்பா. ஒருமனதாக நிறைவேறியது.

எனக்கு மிச்சமிருந்த ஒரே ஆசை அந்தக் கடற்கரைதான். மூன்று நாள் மணலில் கால் நீட்டி உட்கார்ந்து, குழந்தை குழி தோண்ட, இவர் என்னிடம் தக்காளியைத் தவிர வேறு எதையாவது பற்றிப் பேசுவார் என்று நினைத்திருந்தேன். "மூணு நாளு கடலைப் பார்த்துக்கிட்டு உட்காருறதுக்கா அவ்வளவு தூரம் போறோம்?" என்று மாமா கேட்டார். மொம்பாசாவில் கோயில்கள் இருப்பதாகத் தினேஸ்வரன் உளறித் தொலைத்தான். அவ்வளவுதான். முதல் நாள் கோயில், இரண்டாம் நாள் இன்னொரு கோயில், மூன்றாம் நாள் இரண்டு கோயில்காரர்களுக்கும் நம் சார்பில் பொன்னாடை. கடலை விமானம் இறங்கும்போது ஜன்னலில் பார்த்துக்கொள்ளலாமாம்.

அப்புறம் சட்டை. எல்லாரும் ஒரே மாதிரிச் சட்டை போடாவிட்டால் ஆள் தொலைந்துவிடுமாம். நல்ல கருநீலத்தில், முன்பக்கம் குடும்பப் பெயரும் பின்பக்கம் புலிப் படமும் போட்டு, பதினான்கு சட்டை அடித்தாகிவிட்டது. ஆப்பிரிக்காவில் புலி கிடையாது மாமா என்று சொன்னேன். "நாம போறப்போ ஒண்ணு கொண்டு போறோம்லா" என்று முதுகைத் திருப்பிக் காட்டினார். பிறகுதான் தினேஸ்வரனிடமிருந்து குறிப்பு வந்தது, கருநீலமும் கறுப்பும் உடுத்த வேண்டாம், அந்த நிறத்தைத் தேடி அங்கே கடிக்கிற ஈ ஒன்று வரும் என்று. கூட்டத்தில் வாசித்தேன். பிறகு மாமா, "அப்ப சட்டைக்கு மேல ஸ்வெட்டர் போட்டுக்குவோம்" என்றார். இந்தக் குளிரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஸ்வெட்டர் போட முடியாத ஊர் ஒன்று இருக்கும் என்பதே மனதில் ஏறவில்லை.

அண்ணியை மட்டும் என்னால் முழு மனதாகத் திட்ட முடியவில்லை. நீங்கள் வருவதில் அர்த்தமென்ன, சிங்கத்தைப் பற்றி உங்களுக்கு என்ன கவலை என்று ஒரு நாள் கேட்டே விட்டேன். அண்ணி தேயிலைக் காட்டிலிருந்து வந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார். "சனி ஞாயிறானா அந்த வளைவுல காரை நிப்பாட்டி நிப்பாட்டி என்னைய போட்டோ பிடிக்கிறானுங்க புனிதா. சிரிக்கச் சொல்றான், கையைத் தூக்கச் சொல்றான், ஒருத்தன் வெயில் இந்தப் பக்கம் இருக்கு, திரும்பி நில்லுங்கன்றான். பத்தொம்பது வருஷமா நிக்கிறேன். ஒரு தடவை நான் வண்டிக்குள்ள உட்கார்ந்துக்கிட்டு யாரையாச்சும் பிடிக்கணும்லா" என்றார். நான் போய்த் துணை உதவியாளர் வேலையைப் பார்த்தேன், அதாவது நெத்திலிச் சம்பல் பதினான்கு பேருக்கு எத்தனை போத்தல் என்று யோசித்தேன்.

போன வாரம் மஞ்சள் காய்ச்சல் ஊசி. அந்த ஊசி போட்ட அட்டை இல்லாவிட்டால் திரும்பி வரும்போது நம் நாட்டிலேயே சிக்கல். ஈப்போவில் ஒரு கிளினிக்குக்கு வேனில் போனோம். அப்படியே உங்கள் வீட்டுக்கும் வரலாம் என்றிருந்தேன். பதினான்கு பேரும் இறங்குவார்கள், பெரியம்மா பாவம் என்று விட்டுவிட்டேன். மாமா ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் முதுகில் நூற்றெட்டுக் கொக்கி மாட்டிக் காவடி எடுப்பவர், உங்களுக்குத் தெரியும். அந்த மனிதர் சுண்டுவிரல் நீள ஊசியைப் பார்த்ததும் நாற்காலியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "அது சாமி மேல இருக்கும்போது குத்துறதும்மா. இப்ப நான் சும்மாலா இருக்கேன்!" சரி, சாமியை வரவழைத்துவிட்டால் போயிற்று என்று அண்ணி முடிவு செய்தார். கிளினிக் பெஞ்சில் தாளம் தட்ட ஆரம்பித்தார்கள். பதினொரு பேர் "வேல் வேல்" என்றார்கள். மாமா ஆடத் தொடங்கினார். ஊசி போடும் மிஸ்ஸி சின்னப் பெண், மலாய்க்காரப் பெண், முதலில் பயந்து, பிறகு தாளம் பிடிபட்டு, சரியாக அவர் கை உயரும் நேரம் பார்த்துப் போட்டுவிட்டாள். பிரமாதமான கை. மாமா கண் திறந்து எல்லாருக்கும் திருநீறு பூசினார். மிஸ்ஸி வேண்டாமென்று கையெடுத்துக் கும்பிட்டாள். வரிசையில் இருந்த சீனப் பெரியவர் ஒருவர், தனக்கும் ஊசி என்றால் பயம், இந்தப் பாட்டையே தனக்கும் பாட முடியுமா என்று கேட்டார். பாடினார்கள், பெரியப்பா. நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலில் யாரோ போல நின்றேன்.

என் பயங்களை இங்கே யாரும் கேட்பதில்லை. நான் படித்தவள், ஆகவே எல்லாவற்றையும் படித்திருக்கிறேன். கொசு, தண்ணீர், நீர்யானை, வெயில், குரங்கு எல்லாவற்றுக்கும் பட்டியல் போட்டுப் பிளாஸ்டிக் உறையில் வைத்திருக்கிறேன். யுவனேஸ்வரிக்கு நான்கு வயது. சிங்கத்தைப் பார்த்தால் என்ன செய்யவேண்டும் என்று தினமும் பாடம் நடத்துகிறேன். அசையாமல், சத்தம் போடாமல் இருக்கவேண்டும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டு மறுநாள் கேட்டால், "பிஸ்கட் குடுக்கணும்" என்கிறாள். பதினான்கு பேர் கும்மாளத்தில் இந்தக் குழந்தை மேல் யாருக்குக் கண் இருக்கும்? இரண்டு ஜீப். அவள் இந்த ஜீப்பில் இருக்கிறாள் என்று அவர்களும், அந்த ஜீப்பில் இருக்கிறாள் என்று இவர்களும் நினைத்தால்? மூன்றே பேர் போனால் எண்ணிப் பார்க்க ஒரு கை போதும்.

ஆகவே என் மனு இதுதான். இவர் யாருக்கும் இல்லை என்று சொல்லமாட்டார். நான் சொன்னால் மருமகள் பிரிக்கிறாள் என்பார்கள். நீங்கள் சொன்னால் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச இங்கே ஆள் இல்லை. போனில் உங்கள் குரலைக் கேட்டால் செல்லையா மாமா இன்றைக்கும் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றுகிறார். 'புனிதா, யோகேந்திரன், குழந்தை மூவர் மட்டும் போகவும்' என்று ஒரே வரி, உங்கள் பழைய பச்சை மையில் எழுதி அனுப்பினால், நான் சாகும் வரை மறக்கமாட்டேன். மூன்று வாரம்தான் இருக்கிறது.

பெரியம்மாவுக்கு என் வணக்கம். உங்கள் இருவர் காலையும் மனதால் தொட்டுக்கொள்கிறேன். எங்கள் மூவருக்கும், தயவுசெய்து மூவருக்கு மட்டும், ஆசி வழங்கவும்.

இப்படிக்கு,
உங்கள் வார்த்தையை நம்பியிருக்கும் மகள்,
புனிதா யோகேந்திரன்

பின்குறிப்பு: மேலே உள்ளதை வியாழக்கிழமை எழுதி முடித்தேன். தபால்தலை இல்லாததால் ஞாயிறு வரை கிடந்தது. இன்றைக்குக் காலையில் யுவனேஸ்வரி பின்பக்கம் பொம்மைக்குத் தலை குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். தேயிலைச் சரிவிலிருந்து ஒரு காட்டுப்பன்றி இறங்கி நேராக வேலிக்குள் வந்துவிட்டது. நம்ம வீட்டுக் கதவு உயரம். நான் படித்தபடியே அசையாமல் நின்றேன். உண்மையைச் சொன்னால், அசைய முடியவில்லை. உங்கள் மாப்பிள்ளை ஒரே தாவலில் லாரியின் எஞ்சின் மூடி மேல் ஏறி, "ஓடாதே புனிதா, கண்ணைப் பார்க்காதே" என்று அங்கிருந்து அறிவுரை சொன்னார். குழந்தை பன்றியிடம், "பேரு என்ன?" என்று கேட்டாள். அதற்குள் பாதி சவரத்தில் நுரையோடு மாமா சட்டி மூடியைத் தட்டிக்கொண்டு வந்தார், அண்ணி விறகோடு வந்தார், வரிசை வீடு மொத்தமும் அண்டா குண்டாவோடு ஓடி வந்தது. அந்தச் சத்தத்தில் பன்றி திரும்பிப் பார்க்காமல் கியா பார்ம் பக்கம் ஓடியே போய்விட்டது. குழந்தையை முதலில் தூக்கியது மாமா. இவரை லாரியிலிருந்து இறக்கியதும் மாமாதான்.

பெரியப்பா, அங்கே இருப்பவை இதைவிடப் பெரியவை. இந்த ஒரு மனிதரையும் ஒரு பிளாஸ்டிக் உறையையும் நம்பி நான் போகமாட்டேன். தயவுசெய்து அந்த ஒரு வரியை எழுதாதீர்கள். பதினான்கு பேரில் ஒருவரும் கடைசி நேரத்தில் பின்வாங்கக்கூடாது என்று பச்சை மையில் எழுதுங்கள். என் ஜீப்பில் குழந்தைக்கு இந்தப் பக்கம் மாமா, அந்தப் பக்கம் அண்ணி என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இவரை மற்ற ஜீப்பில் போடலாம்.

வேறு கடிதம் எழுத நேரமில்லை. மாமா ஈப்போவுக்குக் கோசு ஏற்றிக்கொண்டு வாசலில் ஹார்ன் அடிக்கிறார், அவரிடமே கொடுத்து அனுப்புகிறேன். உறையை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன்.

மாமா, சிம்பாங் புலாய் இறக்கத்தில் லாரியை ஓரங்கட்டி இதைப் பிரிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். கடைசித் தாளிலிருந்து படியுங்கள்.