தப்படித்து அறிவித்த கல்யாணம்

பொய் சொல்லாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லாத வாத்தியார் கிடையாது. பொய் எழுதச் சொல்லி மார்க் போட்ட வாத்தியார் ஒருவரைத்தான் எனக்குத் தெரியும். தினமும் காலையில் அவருக்கு நான்தான் சவரம் செய்கிறேன்.

தெல்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் எனக்கு முதல் வேலை. எட்டாம் வகுப்பில் கட்டுரை என்றாலே ஆளாளுக்கு வயிற்றுவலி வரும். 'பசு' என்று தலைப்புக் கொடுத்தால், "பசு பால் தரும்" என்பதோடு பசு படுத்துவிடும். வெறுத்துப்போய் ஒருநாள் சொன்னேன்:

"பொய் எழுதுங்க. நான் நம்புற மாதிரி இருக்கணும். நல்ல பொய்ய பள்ளிக்கூட அறிவித்தல் பலகையில ஒட்டுவேன்."

அன்றைக்குப் பேனாக்கள் பறந்தன. செல்வி என்ற வாயாடி எழுதியது இது: 'வரும் ஞாயிறு காலை நம் தோட்டத்துக் கோயிலில் எங்கள் சாருக்குக் கல்யாணம். பொண்ணு கண்டி. அனைவரும் குடும்பத்தோடு வரவும்.' விழுந்து விழுந்து சிரித்தேன். சிவப்பு மையில் 'மிக நன்று' என்று போட்டு, வெள்ளிக்கிழமை பலகையில் ஒட்டினேன்.

(இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கண்டியில் எனக்கு நிஜமாகவே ஒரு பெண் பார்த்திருந்தார்கள். படத்தைப் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளுடைய அப்பா சரி சொல்ல வேண்டியது மட்டுந்தான் பாக்கி.)

அந்தப் பலகையில் எது வந்தாலும், தப்படிக்கிற மாரிமுத்து யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேட்டு, தொழிலாளர்கள் குடியிருக்கும் லயம் லயமாகப் போய்த் தப்படித்துச் சொல்லிவிடுவார். அது தோட்டத்து வழக்கம். டவுனில் வளர்ந்த எனக்கு அது எங்கே தெரியும்? சனிக்கிழமை தப்புச் சத்தம் கேட்டபோது, யார் வீட்டிலோ விசேஷம் என்று சட்டை துவைத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு காலை பல் விளக்கிக்கொண்டு வெளியே வந்தால், தோட்டமே சலவை உடுப்பில் நிற்கிறது. கையில் தேங்காய், அரிசி, ஒருவரிடம் சேவல்.

"என்னங்க சார், இன்னும் குளிக்கலியா?" என்றார் மாரிமுத்து.

கூட்டத்துக்குப் பின்னால் குடையோடு ஒருவர். மாப்பிள்ளை எப்படி என்று சொல்லாமல் கொள்ளாமல் விசாரிக்க வந்த பெண்ணின் அப்பா.

"என்னாங்க கூட்டம்?"

"நம்ம சாருக்குக் கல்யாணங்க. கண்டிப் பொண்ணு."

அவர் முகம் போன போக்கு இருக்கிறதே! இடுப்பில் கட்டிய சாரத்தோடும் வாய் நுரையோடும் ஓடினேன். "ஐயா, அது பொய்யிங்க. நான்தான் எழுதச் சொன்னேன்." (என் புத்திசாலித்தனத்தைப் பாருங்கள்.)

அவர் பலகை வரைக்கும் போய் வாசித்தார். "இதுல 'மிக நன்று'ன்னு வேற போட்டிருக்கீங்க," என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது செல்வி முன்னால் வந்தாள். "ஐயா, நம்புற மாதிரி எழுதணும்னு சார் சொன்னாரு. நீங்க நம்புனீங்களா?"

அவர் அவளை உற்றுப் பார்த்தார். "நம்பிட்டேம்மா," என்று சொல்லிச் சிரித்தார் பாருங்கள், எனக்கு உயிர் வந்தது. அங்கேயே சரியும் சொல்லிவிட்டார்.

தை மாதம் கண்டியில் கல்யாணம். மாரிமுத்து லயம் லயமாகப் போய், "இந்த வாட்டி நெசந்தானாம்," என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார். தோட்டம் சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டது. செல்விகூட வரவில்லை.

வீட்டுக்கு யார் வந்தாலும் என் மனைவி கல்யாண ஆல்பத்தை விரிப்பாள். மணவறைக்கு முன்னால் வரிசை வரிசையாகக் காலிக் கதிரைகள்.

"இவரு எழுதப் படிப்பிச்ச பிள்ளைங்க எல்லாம் இங்கதான் உக்காந்திருக்குதுங்க," என்பாள்.