பூஜ்யத்தைக் கண்டு ஓடியவன்

உயிர்பயம் வந்தால் நான் எவ்வளவு வேகமாக ஓடுவேன் என்பது, முதல் வேலையில் இருந்தபோது சேதராப்பட்டில் எனக்குத் தெரியவந்தது. (பள்ளி விளையாட்டு விழாக்களில் அது யாருக்குமே தெரியாமல் போய்விட்டது.)

அது அட்டைப்பெட்டித் தொழிற்சாலை. பாய்லரில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று சென்சார் அளக்கும். அந்த அளவை அலுவலகக் கணினிக்கு அனுப்பும் புரோகிராம் என்னுடையது. எந்தத் தகவல் எந்த வடிவில் போகவேண்டும் என்பதற்கு ‘ஸ்கீமா’ என்றொரு சட்டதிட்டம் உண்டு. தண்ணீர் அளவு கட்டாயம் எண்ணாக இருக்கவேண்டும் என்றது அது. சென்சார் பதிலே சொல்லாவிட்டால்? அதற்கு ஆங்கிலத்தில் ‘நல்’ என்று பெயர். தெரியவில்லை என்று பொருள். அதை ஸ்கீமா ஏற்கவில்லை, பிழை காட்டியது. நான்தான் மகா புத்திசாலியாயிற்றே! பதில் வராவிட்டால் பூஜ்யம் போடு என்று ஒரு வரி சேர்த்தேன். பிழை மறைந்தது. நிம்மதியாக டீ குடிக்கப் போனேன்.

சில நாளில் சென்சார் ஒயர் கழன்றுகொண்டது. திரையில் சிவப்பாக ஒரு பூஜ்யம். சைரன் அலறியது. எரிகிற பாய்லரில் தண்ணீர் இல்லாவிட்டால் வெடித்துவிடும்! பக்கத்து சீட்டு மோகனா “இன்னாச்சு?” என்று கேட்டு முடிப்பதற்குள் நான் கேட்டைத் தாண்டியிருந்தேன், வெறுங்காலோடு.

வெளியே நின்ற லாரிக்குப் பின்னால் குந்தி, காதைப் பொத்திக்கொண்டேன். உள்ளே அத்தனை பேர். மோகனாவும் உள்ளேதான். அப்போதுதான் உறைத்தது: அது நிஜமான பூஜ்யமா, நான் போட்ட பூஜ்யமா? பாய்லரைவிட மேனேஜரை நினைத்து அதிகம் வியர்த்தது.

மோகனா மெதுவாக நடந்து வந்தாள். கையில் என் செருப்பு.

“எந்திரிங்க. பாய்லர்ல தண்ணி நெறைய இருக்குதாம். நெருப்ப அணைச்சிட்டு, வேலைய நிறுத்திட்டாங்க. மேனேஜர் கூப்புடுறாரு.”

மேனேஜர் கத்தவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

“சென்சாரு இன்னாய்யா சொல்லிச்சி?”

“ஒண்ணும் சொல்லல சார்.”

“அது ஒண்ணுமே சொல்லாதப்ப, நீ ஏன்யா தண்ணி இல்லன்னு சொன்ன?”

அன்றே ஸ்கீமாவில் அந்த இடம் காலியாக இருக்கலாம் என்று மாற்றினேன்; திரையில் ‘தெரியவில்லை’ என்று வரவைத்தேன். வேலை தப்பியது.

மானம் தப்பவில்லை. மோகனாவைக் கல்யாணம் செய்துகொண்டு ரெட்டியார்பாளையத்தில் இருக்கிறேன். குக்கர் கொஞ்சம் வித்தியாசமாக விசிலடித்தாலும் அடுப்படியிலிருந்து குரல் வரும்:

“ஏங்க, நீங்க மொதல்ல ஓடுங்க. செருப்ப நான் எடுத்தாறேன்.”