உள்ளம் ஒரு தரம், ரெண்டு தரம்

பழவேற்காட்டில் மீனை ஏலம் விட்டவர்கள் பலர். மனிதர்களின் மகிழ்ச்சியை ஏலம் விட்டவர் உலகத்திலேயே ஒருவர்தான். கோட்டைக்குப்பத்தில் எல்லோருக்கும் அவர் ஏலக்காரர். சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

அவர் குரல் எழுந்தால், டச்சுக் கல்லறையில் படுத்திருக்கும் துரைமார்களே எழுந்து வந்து இறாலுக்கு விலை கேட்பார்கள். கரையில் ஏலம் முடிந்தாலும் வாய் ஓயாது. சோறு போடும் மனைவியிடமே, "ஒரு கரண்டி... ஒரு கரண்டி... யார்னா மேல கேக்குறீங்களா?" என்பார்.

"யோவ், இங்க நான் ஒருத்திதான் கீறேன். சும்மா துன்னு" என்பாள் கன்னியம்மா.

அந்தக் கன்னியம்மாவுக்குத் திடீரென்று தூக்கம் போய்விட்டது. பேச்சும் நின்றது. குழம்பை ஊற்றிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாள். பொன்னேரியைத் தாண்டி பஸ்ஸில் போனால் வாந்தி என்பதால், சென்னை ஆஸ்பத்திரிக்கு வரவே மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

அப்போது நான் பொன்னேரியில் தமிழ் விரிவுரையாளன். சென்னையிலிருந்து வந்த ஒரு மனநல டாக்டரம்மா, மனநலத்தை அளக்கும் ஆங்கிலக் கேள்வித்தாளைத் தமிழாக்கித் தரும்படி கேட்டார். குப்பத்தில் கேட்டுப் பார்த்து அது சரியாக வந்தால், வாரம் ஒரு நாள் அங்கேயே வந்து நோயாளிகளைப் பார்ப்பதாகச் சொன்னார். சேதி கேட்ட ஏலக்காரர் என் வீட்டுக்கே ஓடி வந்தார்.

"வாத்தியாரே, கேள்விய நான் கேக்குறேன். நான் கேட்டா பதில் சொல்லாத வாய் இந்தக் கரையில கீதா?"

சரி என்றேன். மொழிபெயர்க்கும்போது 'மனசு' எனக்குக் கொச்சையாகப் பட்டது. தாள் முழுக்க 'உள்ளம்' என்று எழுதி, ஓர் எழுத்தையும் மாற்றக் கூடாது என்று அவரிடம் கண்டிப்பாகச் சொன்னேன்.

ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு பதில்கள்: ஒருபோதும் இல்லை, சில நேரம், பல நேரம், எப்போதும். ஏலக்காரருக்கு இது போதாதா? பெண்களை வட்டமாக உட்கார வைத்தார்.

"சந்தோசமா கீறியாம்மா? சில நேரம்... சில நேரம்... பக்கத்து வீட்டுக்காரி பல நேரம்னு சொல்லிட்டா! பல நேரம் ஒரு தரம்... ரெண்டு தரம்..."

"அவளுக்கு நான் கொறைச்சலா? எப்பவும்னு போடுண்ணா!"

"மூணு தரம்!"

இப்படி எல்லாரும் எப்போதும் சந்தோஷமாக இருந்தார்கள். 'உங்கள் உள்ளம் நிறைவாக இருந்ததா?' என்பதுபோல் உள்ளம் வந்த கேள்விகளுக்கு மட்டும் ஏலம் ஏறவே இல்லை. அத்தனை பேரும் 'ஒருபோதும் இல்லை'.

ஏலக்காரர் வீட்டு வாசலில் நின்று தாள்களைப் புரட்டிய டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "எப்பவும் சந்தோஷம், ஆனா உள்ளம் மட்டும் நிறையவே இல்லை. இப்படி ஒரு ஊரா சார்? இதை நம்பி நான் எப்படி இங்க வர்றது?"

"கேட்ட ஆள் சரியில்லை டாக்டர்" என்றேன். ஏலக்காரர் என் பக்கத்தில்தான் நின்றார். அவர் வாய் மூடியதை அன்றுதான் பார்த்தேன்.

டாக்டர் தாள்களைப் பையில் திணித்தார். கிளம்பும்போது, வேடிக்கை பார்க்க வந்து நின்ற பக்கத்து வீட்டுக்காரியிடம் கேட்டார்.

"உள்ளம் ஏம்மா நிறையல?"

"எங்க நெறையறது டாக்டரம்மா? மழை நின்னதுலேர்ந்து ஒண்ணுகூட வலையில மாட்டல."

"உங்களுக்கு உள்ளம் வேணும்னு தோணலையா?"

"எனக்கு வேணாம்மா. முள்ளு சாஸ்தி."

அந்தக் கரையில் உள்ளம் என்றால் மீன். நானே எத்தனையோ முறை வறுத்துத் தின்ற மீன்.

சுவர்ப் பக்கமிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. கன்னியம்மா! "கொயம்பு வச்சா சோக்கா இருக்கும் டாக்டரம்மா. பாத்துத் துன்னணும்" என்றாள்.

டாக்டர் பையைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். பொழுது சாயும்வரை எழுந்திருக்கவில்லை. "தாள் கிடக்கட்டும். வாரா வாரம் நானே வந்து கேக்கறேன்" என்றார்.

நான் எல்லா உள்ளங்களையும் அடித்துவிட்டு மனசு என்று எழுதினேன். ஏலக்காரர்மேல் போட்ட பழியை அப்படி அடிக்க முடியவில்லை. சில மாதங்கள் பொறுத்து, ஒரு மத்தியானம் அவர் வீட்டுக்குப் போனேன்.

"தப்பு என்னோடதுங்க. மன்னிச்சிடுங்க."

ஊருக்கே கேட்கும்படி இதையும் ஏலம் விடப்போகிறார் என்று கூசி நின்றேன்.

"வாத்தியார் மன்னிப்பு ஒரு தரம்..." என்று ஆரம்பித்தார், காற்றுப் போலக் கிசுகிசுப்பாக. "ரெண்டு தரம்..."

மூன்றாம் தரம் வரவில்லை. உதட்டில் விரலை வைத்தபடி வீட்டுக்குள் கையைக் காட்டினார். பட்டப்பகலில், கன்னியம்மா குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள்.