டெரலின் முழங்காலும் என் நாக்கும்

ஜெர்மனி, 9.5.2006

அன்புள்ள தம்பி ஜெயச்சந்திரனுக்கு,

நானும் உன் அண்ணி செல்லமும் அம்பாள் தயவில் நலம். லண்டனில் நீயும் மனைவியும் புதிதாக வந்திருக்கும் பிள்ளையும் சுகமாயிருக்க இங்குள்ள ஊன்ட்றொப் அம்பாள் கோயிலில் அர்ச்சனை செய்தோம். பிள்ளையின் படம் கிடைத்தது. "அண்ணை படத்தைப் பாத்திட்டு ஒரு சொல்லும் சொல்லேல்லை" என்று அண்ணியிடம் குறைப்பட்டாயாம். தம்பி, நான் இனி யாரையும் எதையும் புகழ்வதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன். காரணத்தைக் கேள்.

நான் ஹவுஸ்மைஸ்டராகச் சாவிக்கொத்தும் துடைப்பமுமாகப் பார்த்துக்கொள்ளும் மண்டபத்தில்தான் எங்கள் நகரத்துக் கூடைப்பந்து அணி ஆடுகிறது. அது முதலாம் பிரிவில் இருப்பது ஒன்றுதான் இந்தச் சின்ன ஊருக்குப் பெருமை. அணிக்கு டெரல்தான் எல்லாம். அமெரிக்கப் பொடியன், எந்தக் கதவுக்குள்ளும் குனிந்துதான் வருவான். மாசி மாதம் பயிற்சியில் அவன் எழும்பிப் பந்தைக் கூடைக்குள் அறைந்ததைக் கண்டு, என்னை மறந்து, "என்ன கால் அப்பா, தேக்கு மரம்!" என்று சொல்லிவிட்டேன். அடுத்த பாய்ச்சலில் இன்னொருவனின் பாதத்தின் மேல் இறங்கினான். முழங்கால் சவ்வு அறுந்துவிட்டது, இந்தப் பருவத்தில் இனி ஆட முடியாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். வீட்டில் செல்லம், "உங்கட நாவூறுதான். ஊரில பெரியம்மான்ர மாட்டைப் பாத்து என்ன பால் எண்டனீங்கள், அதோட வத்திப்போச்சு" என்றாள்.

அதன் பிறகு அணி படுத்துவிட்டது. பந்து கைக்கு வந்ததும் எல்லோரும் பழக்கத்தில் டெரல் நிற்கும் இடத்தைப் பார்த்தார்கள். அங்கே நின்ற மாற்று ஆட்டக்காரனோ, பந்து தன்னிடம் வந்துவிடுமோ என்று பயந்து நின்றான். தோற்றுத் தோற்று, கடைசி ஆட்டத்தில் வென்றால்தான் முதலாம் பிரிவு, இல்லாவிட்டால் இரண்டாம் பிரிவு என்ற நிலைக்கு வந்தோம். பயிற்சியாளர் மற்றவர்களைத் திட்டும்போதெல்லாம் அந்தத் திட்டு எனக்குரியது என்று நினைத்துக்கொண்டு தரையைத் துடைத்தேன்.

கடைசி ஆட்டத்துக்கு டெரல் ஊன்றுகோலுடன் வந்தான். செல்லம் கட்டித் தந்த உப்பையும் செத்தல் மிளகாயையும் ஒரு தணல் சட்டியையும் எடுத்துக்கொண்டு உடை மாற்றும் அறைக்குப் போனேன்.

"சிறீ, இது என்ன?" என்று டெரல் கேட்டான்.

"என்ர வாயால வந்ததை எடுக்கப் போறன். கொஞ்சம் குனியுங்கோ" என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன்.

அவன் குனிந்தும் எட்டவில்லை. வாங்குப் பலகையில் ஏறி நின்று உப்பையும் மிளகாயையும் அவன் தலையைச் சுற்றி, சட்டியில் இருந்த தணலில் போட்டேன். அறையே காரப் புகையில் மூழ்கியது. அணி முழுக்க இருமியது. கூரையில் இருந்த தீ எச்சரிக்கை மணி அலறியது. அந்த மணியைப் போன கிழமை சோதித்து நன்றாக வேலை செய்கிறது என்று சொன்னவனும் நான்தான். தீயணைப்பு வண்டி வந்தது, ஆட்டம் பார்க்க வந்த ஊர்ச் சனம் முழுக்க வெளியே தூறலில் நின்றது. எல்லோரும் உள்ளே திரும்பி ஆட்டம் தொடங்கியபோது, மறு கோடி அறையில் இருந்த எதிரணி புகை படாமல், குளித்துவிட்டு வந்த மாதிரிப் புதுத்தெம்போடு நின்றது. எங்கள் பிள்ளைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டே எறிந்தார்கள். ஒரே ஒரு புள்ளியில் தோற்றோம்.

நான் மூலையில் நின்று அழுதேன். டெரல் என் தோளில் கை வைத்து, "எனக்கும் கண் எரியுது சிறீ" என்றான். நான் அழுதது மிளகாயால் இல்லை, தம்பி.

வீட்டுக்கு வந்தால் செல்லம் சொல்கிறாள்: "மிளகாய் எரிஞ்சு இருமல் வந்தால் நாவூறே இல்லை எண்டெல்லோ அர்த்தம்! அந்தக் கால் தன்ர பாட்டில போயிருக்கு." அப்படியென்றால் கால் போனதற்கு நான் காரணமில்லை, தம்பி. தோற்றதற்கு மட்டும் நான்தான். எப்படியோ, இனி என் வாய் பூட்டியதுதான்.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளை நோய் நொடியில்லாமல் வளர அம்பாள் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
வாயடக்கிய அண்ணன்
சிறீதரன்

பி.கு: கடித உறையை ஒட்டுமுன் பிள்ளையின் படத்தை இன்னொரு தடவை பார்த்தேன். அடேயப்பா, என்ன கால்கள்! டெரலே தோற்றான்! ஐயோ, எழுதிவிட்டேன். உடனே உப்பும் மிளகாயும் சுற்றிப் போடு. முதலில் கூரையில் இருக்கும் மணியைக் கழற்று.