மான்விரட்டியும் சாப்பாட்டு மேசையும்

திருகோணமலைத் துறைமுகத்தில் இருபத்தாறு வருடமாகப் பாரந்தூக்கிகளுக்கே மின்வைத்தியம் பார்த்த தவராசா, இனி ஒரு மானும் தன் வீட்டுக் கத்தரிக் கன்றைத் தின்னக்கூடாது என்று சபதம் எடுத்தார். அந்த ஊர் மான்கள் பஸ் நிலையத்தில் பயணிகளோடு பயணிகளாக நிற்பவை. "சூ" என்றால் திரும்பி ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தொடர்ந்து மெல்லும்.

ஆகவே உள்ளங்கை அளவுக் கணினிப் பலகை ஒன்றை வாங்கினார். கமரா மானைக் காணும், கணினி அறியும், சைரன் ஊதும். திட்டம் அருமையானதுதான். ஆனால் சைரன் "ஊ" என்று தொடங்கியதுமே கணினி அணைந்துபோய், முதலிலிருந்து உயிர்பெற்று எழும்பும். அதற்குள் மான் ஒரு பாத்தியை முடித்துவிடும்.

மெமரி கார்டை மாற்றினார். புரோகிராமைப் பதினொரு தரம் திருத்தி எழுதினார். மூன்று மாதமாகச் சாப்பாட்டு மேசை முழுக்க வயர். அவரும் மனைவி சுலோஜனாவும் சோற்றுக் கோப்பையை மடியில் வைத்துத்தான் சாப்பிட்டார்கள். மனுசனுக்கு அதுகூட உறைக்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை சுலோஜனா கணினித் திரையை எட்டிப் பார்த்தாள்.

"இஞ்சருங்கோ, இந்த மூலையில மின்னல் மாதிரி ஒரு குறி வருதே, என்னது?"

"அதுவோ? கரண்ட் நல்லா வருது எண்டு அர்த்தம்."

"சைரன் ஊதேக்க மட்டும் வருது?"

"அப்ப இன்னும் நல்லா வருது! கிறேனுக்கே கரண்ட் குடுத்தவனப்பா நான். இந்தச் சுண்டங்காய்க்கு என்ன வேணுமெண்டு எனக்குத் தெரியாதோ?"

"உங்களுக்குத் தெரியாததோ," என்று சுலோஜனா உடனே ஒத்துக்கொண்டாள். அவள் அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டதே தவராசாவைக் கொஞ்சம் யோசிக்க வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை.

"அப்ப வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சிடுவியள்?"

"ஓம்."

"முடிச்சால் மேசை உங்களுக்கு. சாகுமட்டும் கேக்கமாட்டன். முடிக்காட்டி எனக்கு."

"சரி. பிறகு கதை மாறக்கூடாது!"

"நான் ஏன் மாறுறன்?"

வெள்ளி பின்னேரம் மான் வந்தது. சைரன் "ஊ" என்றது. கணினி அணைந்தது. மான் மிளகாய்க் கன்றையும் ருசி பார்த்தது.

தவராசா சொன்ன சொல் தவறாதவர். வயரையெல்லாம் இரண்டு பெட்டியில் அள்ளிக் களஞ்சிய அறையில் வைத்தார். மேசையைத் தானே துடைத்தும் கொடுத்தார். அழாத குறைதான்.

சனி காலை தெருவே அதிரச் சைரன் ஊதியது. ஓடி வந்தார். மான் மதிலைத் தாண்டிப் பறந்துகொண்டிருந்தது. சமையலறை யன்னலில் அவருடைய கணினி அணையாமல் நின்று ஊதியது.

"என்னப்பா செய்தனீர்?"

"சாஜரை மாத்தினனான். நீங்கள் போட்டிருந்தது நான் எறிஞ்ச பழைய போன் சாஜர். அந்த மின்னல் குறிக்குக் கரண்ட் போதாது எண்டுதான் அர்த்தமாம். நெட்டில பாத்தனான்."

"எப்ப பாத்தனீர்?"

"ஞாயிற்றுக்கிழமை. உங்களிட்டக் கேக்க முதல் நாள்."

"அடியாத்தை! அப்பவே சொல்லியிருக்கலாமே!"

சுலோஜனா மேசையில் புது விரிப்பை விரித்து, இரண்டு கோப்பைகளை எடுத்து வைத்தாள்.

"சொல்லியிருந்தா இண்டைக்கும் மடியில வைச்செல்லோ சாப்பிட்டிருப்பம். கையைக் கழுவிப்போட்டு வாங்கோ."