பேசிக்கொண்டே பத்து கிலோமீட்டர்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் சௌக்கியம், என் வலது முட்டியைத் தவிர. அங்கே நீயும் மாப்பிள்ளையும், நான் இதுவரை போனில் மட்டுமே பார்த்திருக்கிற என் பேத்தியும் நலமாக இருக்க வேண்டும்.

நிற்க. இந்த வார்த்தையை எழுதும்போதே காலுக்குச் சுகமாக இருக்கிறது. மூன்று மாதமாக யாரும் என்னிடம் சொல்லாத வார்த்தை.

உன் கல்யாணத்தில் எடுத்த குரூப் போட்டோவால் உன் மாமனாரோடு நான் பேச்சை நிறுத்தி நாலு வருஷம் ஆகிறது. பெண்ணைப் பெற்றவன் நான் நிற்கிறேன், ஆறடி மனுஷன் சரியாக எனக்கு முன்னால் வந்து நின்றார். போட்டோவில் என் வலது காது மட்டும்தான் விழுந்திருக்கிறது. அதற்காக நீ எங்கள் இரண்டு பேர் பெயரையும் பத்து கிலோமீட்டர் ஜோடி ஓட்டப் போட்டிக்குக் கொடுத்துவிட்டு, “ரெண்டு பேரும் சேர்ந்து கோட்டைத் தாண்டினாத்தான் பாப்பாவைத் தூக்கிட்டு வருவேன்” என்று போனை வைத்தது அநியாயம். இது யார் வளர்த்த பெண் என்று உன் அம்மாவைக் கேட்டேன். அவள் என்னையே பார்த்தாள்.

பூங்காவில் எங்களுக்குப் பயிற்சி கொடுத்த பெண்ணுக்கு நான் வைத்த பெயர் விசில். மனசு திடமாக இருந்தால் கால் தானாக வரும் என்று முதல் நாளே சொன்னாள். என் விஷயத்தில் முதல் சுற்றிலேயே மனசு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டது, கால்தான் வேறு வழியில்லாமல் ஓடியது. அவள் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. பேச முடிகிற வேகத்தில்தான் ஓட வேண்டும், வாய் மூடியிருந்தால் வேகம் அதிகம் என்று விசில் ஊதி மறுபடி முதலிலிருந்து ஓட விடுவாள். பேசச் சொன்னால் யாரோடு பேசுவது? முப்பத்திரண்டு வருஷம் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவன் நான், ஐந்து பத்து, ஐந்து இருபத்தைந்து, ஐந்தே முக்கால் என்று வண்டி நேரங்களை ஒப்பிக்க ஆரம்பித்தேன். உன் மாமனார் சும்மா இருப்பாரா, தன் மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனைக்கு மாட்டியிருக்கிற எழுத்துப் பலகையை ட, ப, ம, ர என்று வரிவரியாக ஒப்பித்துக்கொண்டு வந்தார். வாக்கிங் வந்தவர்கள் தள்ளி நின்று வழிவிட்டார்கள்.

நடுவில் பட்ட பாடு கொஞ்சமில்லை. தொடை பிடித்துக்கொண்டு மாடிப்படியில் நேராக இறங்க முடியாமல் பின்பக்கமாக இறங்கி, மேலே ஏறிவந்த தபால்காரர் மேல் உட்கார்ந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஓய்வு என்று அட்டவணையில் இருக்கிறது, ஆனால் உன் மாமனார் அன்றைக்கும் ஓடுகிறார் என்று காதில் விழுந்ததால் நானும் ஓடினேன். விசாரித்துப் பார்த்தால் அவர் ரொட்டி வாங்கத்தான் போயிருக்கிறார். விடாமுயற்சி என்று பெரிதாகச் சொல்கிறார்களே, எனக்குத் தெரிந்து அதில் முக்கால்வாசி வீம்புதான். அந்த மனுஷன் நிற்கிறவரை நான் நிற்கக் கூடாது, அவ்வளவே.

ஐந்தாவது வாரம் ஒரு நாள் நான் வண்டி நேரம் சொல்லிக்கொண்டு வரும்போது, பக்கத்திலிருந்து ஒரு குரல்.

“அந்த அஞ்சே முக்கால் வண்டி என்னைக்காவது அஞ்சே முக்காலுக்கு வந்திருக்கா, சம்பந்தி?”

நாலு வருஷத்தில் முதல் பேச்சு, அதுவும் இப்படி! எனக்கு வந்த கோபத்தில் டிரைவர் பற்றாக்குறை, பழைய டயர், ரயில்வே கேட் என்று மூன்று கிலோமீட்டர் நிறுத்தாமல் விளக்கம் சொன்னேன். அன்றைக்கு விசில் எங்களைப் பாராட்டினாள்.

போட்டி போன ஞாயிற்றுக்கிழமை. தொண்ணூறு நிமிஷத்துக்குள் முடிக்க வேண்டும். எட்டாவது கிலோமீட்டரில் உன் மாமனாருக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளிறிப் போயிருந்தது. “என்னால முடியல சம்பந்தி. பாப்பாவை உங்க கண்ணுல காட்ட முடியாமப் பண்ணிட்டேன்” என்றார். நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பாப்பாவை நினைத்து என்று சொன்னால் நன்றாக இருக்கும். ஆனால் அந்த நிமிஷம் நான் நினைத்தது இவரை மட்டும்தான்.

காலை நீவிவிட்டேன், தண்ணீர் கொடுத்தேன், கெஞ்சிப் பார்த்தேன், மனுஷன் அசையவில்லை. கடைசியில் அவர் பலகையை நானே ஒப்பித்தேன். மூன்று மாதம் கேட்டு மனப்பாடம்தான், இருந்தாலும் வேண்டுமென்றே ட, ப, ம, ழ என்றேன். “அதுல ழ கிடையாது” என்றார். “இருக்கு” என்று சொல்லிவிட்டு நடந்தேன். பின்னாலேயே நொண்டிக்கொண்டு வந்தார், அது ர தான் என்று நிரூபிக்க. எந்தத் தெம்பில் வந்தாரோ தெரியாது, சண்டை முடிவதற்குள் கோடு வந்துவிட்டது. எண்பத்தெட்டு நிமிஷம். கடைசி ஜோடி நாங்கள்தான், ஆனால் சேர்ந்து தாண்டினோம்.

ஆகவே சொன்னபடி பாப்பாவைத் தூக்கிக்கொண்டு உடனே கிளம்பி வா. உன் மாமனார் தங்கமான மனுஷர். போட்டோ விஷயத்தை நான் அன்றே மன்னித்துவிட்டேன். மாப்பிள்ளைக்கு என் அன்பு, பேத்திக்கு முத்தம்.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் அப்பா

பின்குறிப்பு: போட்டி போட்டோ நேற்று வந்தது. கோட்டைத் தாண்டும்போது அந்த மனுஷன் ஒரு அடி முன்னால் வைத்து என்னை மறைத்துவிட்டார். இடது காது மட்டும்தான் தெரிகிறது. கல்யாணப் போட்டோவையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் எனக்கு ஒரு ஜோடி காது தேறுகிறது. மேலே அவரைப் பற்றி எழுதிய நல்லது அத்தனையும் வாபஸ். இனி ஜென்மத்துக்கும் அவரோடு பேசப் போவதில்லை. இதை இன்று காலை ஓடும்போது அவரிடமே சொல்லிவிட்டேன். ஆறு கிலோமீட்டரும் சொன்னேன். விசில் ஒரு தடவைகூட ஊதவில்லை.