துவைக்காத மஞ்சள் துணி

சென்னைப் புறநகர் நூம்பலில் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கே நூற்று நாற்பது டோக்கன் தீர்ந்துவிட்டது. இலவச வேட்டியா கொடுக்கிறார்கள்? இல்லை ஐயா, கட்டிச்சாமியின் மஞ்சள் துணி! சீழ் கோத்த எந்தக் கட்டியையும் அதைக்கொண்டு ஒரு ஒத்து ஒத்தினால் திருஷ்டி இறங்கிவிடுமாம். அந்தத் துணியை மூன்று வருடமாகத் துவைக்கவே இல்லை. துவைத்தால் சக்தி போய்விடுமாம். அடடா, இந்த ஞானம் முன்பே கிடைத்திருந்தால் நமக்கு எவ்வளவு சோப்பு மிச்சம்!

டோக்கனை ஆன்லைனில் போட வழி செய்து கொடுத்தவன் பிரசன்னா. பெரிய கம்பெனியில் சாஃப்ட்வேர் வேலை. அவன் கழுத்துக் கட்டியைத் துணி தொட்டது. அடுத்த மாதமே மனைவிக்கு அக்குளில் ஒன்று, அப்பாவுக்கு முதுகில் ஒன்று. "திருஷ்டி குடும்பத்தையே புடிச்சிருக்கு" என்றார் சாமி. பிரசன்னா பயபக்தியோடு இன்னும் இரண்டு டோக்கன் போட்டான்.

வரிசையில், வீட்டு வேலை செய்யும் நாகவல்லி தன் மகள் நிஷாவைத் தூக்கிக்கொண்டு நின்றாள். ஏழு வயதுக் குழந்தையின் தொடை வீங்கிச் சிவந்து, உடம்பு அனலாகக் கொதித்தது. அவள் பக்கத்து வீட்டு நர்ஸ் ஸ்டெஃபி ஓடி வந்தாள்.

"இன்னாக்கா, கொயந்தைக்கு இவ்ளோ ஜொரம் கீது, இங்க இன்னா பண்ற?"

"மாத்திரை கேக்கலம்மா. மெடிக்கல்ல கேட்டு வாங்கிக் குடுத்தேன். ரெண்டு நாள்ல வலி கொறஞ்சுது, நிறுத்திட்டேன். திரும்ப வந்துட்ச்சு."

"இஷ்டத்துக்குப் போட்டு நிறுத்துனா கிருமி பழகிக்கும்க்கா. அப்புறம் அந்த மருந்துக்கு மசியாது. இந்தத் துணியில எத்தினி பேரு சீழு கீதுன்னு தெரியுமா?"

சாமி கண்ணை உருட்டினார். "யாரும்மா நீ? நாத்திகமா?"

"நானும் சர்ச்சுக்குப் போறவதான். சாமி, உங்க மொட்டத் தலையில சவரக் கத்தி கீறி ரத்தம் கீது. அந்தத் துணியால ஒரே ஒரு ஒத்து ஒத்திக்குங்க. நானே கொயந்தைய உங்க மடியில குடுக்குறேன்."

சாமி துணியைப் பார்த்தார். அதில் மஞ்சளைவிட மற்ற நிறங்களே அதிகம்.

பாவம் பிரசன்னா, பக்தி முற்றியவன். "நான் ஒத்தி விடறேன் சாமி" என்று துணியை எடுத்துக்கொண்டு சாமியின் தலைக்குக் கிட்டவே போய்விட்டான்.

"அய்யோ, கிட்ட வராதடா! சீழு ஒட்டிக்கும்!"

சொல்லிவிட்டுச் சாமி பின்னால் பாய, அங்கே தொங்கிய திரை சரிந்து விழுந்தது. உள்ளே சோப்பு, ரப்பர் கையுறை, ஸ்பிரிட் பாட்டில். சாமி தன் கையை மட்டும் நன்றாகவே பார்த்துக்கொண்டிருக்கிறார்!

நாகவல்லி ஆட்டோ பிடித்தாள். ஆஸ்பத்திரியில் கட்டியைக் கீறி, சீழைச் சோதித்தார்கள். வழக்கமான மாத்திரைகளுக்கு அடங்காத கிருமி. எதற்கு அடங்கும் என்று பார்த்து ஊசி போட்டார்கள். "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா ரத்தத்துல ஏறியிருக்கும்" என்று டாக்டர் திட்டினார். நாகவல்லி அவர் முன்னாலேயே ஓவென்று அழுதாள். பிள்ளை பிழைத்துக்கொண்டது.

அடுத்த ஞாயிறு ஸ்டெஃபி வீட்டு வாசலில் நாற்பது பேர், கையில் எலுமிச்சம்பழம். முதல் ஆள் பிரசன்னா.

"மேடம், நீங்க ஒரு தடவை தொட்டா போதும்."

ஸ்டெஃபி தலையில் அடித்துக்கொண்டாள். "கட்டிய மூடி வைங்க. சோப்பு போட்டுக் கைய கழுவுங்க. துண்டு, ரேசரு ஆளுக்கு ஒண்ணு வெச்சுக்குங்க. டாக்டர் குடுத்த மாத்திரைய அவர் சொன்ன நாள் வரைக்கும் போடுங்க."

"அவ்வளவுதானா? மந்திரம் ஒண்ணும் இல்லையா?"

"கழுத்துக்கு மேல ஒண்ணு வெச்சுக்கினு கீறீங்களே, அத்த கொஞ்சம் யூஸ் பண்ணுங்க!"